பாதியில் நிற்காத சேலை: ஒரு கவிதைப் பட்டறையின் நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் நாங்கள் நடத்திய ஆறு வாரக் கவிதைப் பட்டறையில் மூன்றாவது வாரம் ஒரு தவறு நடந்தது. அது எப்படி நடந்தது, அதற்குப் பிறகு என்ன செய்தோம், எதில் சறுக்கினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரியவர்களுக்குப் பட்டறை நடத்த நினைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு நாங்கள் செய்ததைச் செய்யாமல் இருந்தால் போதும். யாருடைய பெயரும் இதில் இல்லை. வயது, ஊர் போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் மையத்தில் இருக்கிற அக்கா இதை முழுக்க வாசித்து இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தார். பட்டறையில் சொல்லிக்கொடுத்த கவிஞரும் வாசித்தார், எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

பின்னணி

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒரு புத்தகம், பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு அச்சகத்தின் மாடி அறை. அந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரகசியமாகக் கவிதை எழுதுகிறவர்கள் என்பது எங்களுக்குத் தெரியவே மூன்று வருஷம் ஆனது. கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போதுதான் பையிலிருந்து நோட்டை எடுப்பார்கள். "சும்மா எழுதினது, நேரம் இருந்தா பாருங்க" என்பார்கள். பார்த்துவிட்டு நல்லாருக்கு என்று சொல்வதைத் தவிர எங்களுக்கும் வேறு எதுவும் சொல்லத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் கவிதை என்றால் பெரும்பாலும் கவியரங்கம்தான். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசிப்பது, கைதட்டு விழுகிற இடத்தில் நிறுத்துவது, கடைசியில் பொன்னாடை. அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வரி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து, எழுதுகிறவர்களோடு உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

கவிஞர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. அறுபதைத் தாண்டியவர், ஆறு தொகுப்புகள் வந்திருக்கின்றன, பல வருஷம் ஒரு சிற்றிதழ் நடத்தியவர். கறாரான வாசகர் என்று பெயர். அவருடைய கவிதைகள் சின்னவை, ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாதபடி இருக்கும். பேருந்துச் செலவு போதும் என்றார். நாங்கள் விடாப்பிடியாக ஒரு தொகை கொடுத்தோம்.

பட்டறையின் அமைப்பு

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், காலை 10 மணி முதல் 1 மணி வரை. கட்டணம் 600 ரூபாய். 18 பேர் சேர்ந்தார்கள். இளையவருக்கு 24 வயது, மூத்தவருக்கு 71. ஓய்வுபெற்ற தபால்காரர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அங்கன்வாடி ஊழியர்கள் இரண்டு பேர், பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறவர், ஒரு செவிலியர், கல்லூரி முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிற மூன்று பையன்கள், இப்படி. கும்பகோணத்தை அடுத்த நெசவாளர் ஊர் ஒன்றிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஐம்பதுகளில் இருப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன் கணவர் இறந்துபோனார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருந்தும் கவிஞரிடம் சொல்லவில்லை. கவிதையைக் கவிதையாகப் பார்க்கட்டும் என்று நினைத்தோம்.

வழிமுறை எளிமையானது. எழுதியவர் தன் கவிதையின் நகலை எல்லோருக்கும் கொடுப்பார், ஒரு முறை வாசிப்பார். அதற்குப் பிறகு அவர் பேசக் கூடாது. மற்றவர்கள் பேசுவார்கள், கடைசியில் கவிஞர் பேனாவை எடுத்துத் திருத்திக் காட்டுவார், திருத்திய வடிவம் பலகையில் ஏறும். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியை நாங்கள்தான் வைத்தோம். தன் கவிதைக்காக வாதாட ஆரம்பித்தால் எதையும் கேட்டுக்கொள்ள முடியாது என்று எங்கோ படித்திருந்தோம், அது சரியாகவும் பட்டது.

முதல் இரண்டு வாரங்கள்

முதல் நாள் நன்றாகப் போனது. ந. பிச்சமூர்த்தி 1900-ல் இந்த ஊரில் பிறந்தவர் என்பதிலிருந்து கவிஞர் தொடங்கினார். அவருடைய 'காதல்' 1934-ல் மணிக்கொடி இதழில் வந்தது, யாப்பை விட்ட கவிதைக்குத் தமிழில் அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள், அப்புறம் 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிய பிறகுதான் அது ஒரு போக்காகவே ஆனது என்றார். அறையில் இருந்த பலருக்கு, தங்கள் தெருக்களில் நடந்த ஒருவர் இதைத் தொடங்கினார் என்பதே புதிய செய்தி. தபால்காரர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

அடுத்து குறுந்தொகைக்குப் போனார். பெரும்பாலும் நாலடியிலிருந்து எட்டடிக்குள் முடிந்துவிடுகிற பாட்டுகள். கபிலர் பாடிய 25-ஆம் பாட்டை எடுத்துக்கொண்டார், ஐந்தே அடி. அவன் என்னோடு சேர்ந்த அன்று சாட்சி யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு, ஒரு குருகு இருந்தது என்கிறாள். தினைத்தாள் மாதிரி மெல்லிய கால்களோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்துக்கொண்டு நின்ற குருகு. இந்தப் பாட்டை வைத்து அவர் சொல்ல வந்தது சுருக்கம். ஐந்தடியில் ஒரு வாழ்க்கை முழுக்க வந்துவிட்டது, உங்களுக்கு ஏன் நாற்பது வரி வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் வாரம் தேர்வுக்குப் படிக்கிற பையன் ஒருவனின் 40 வரிக் கவிதையை 9 வரியாக்கினார். அது அந்தக் கவிதைக்கு நல்லதாகவே அமைந்தது. அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், தான் சொல்ல நினைத்தது இதுதான் என்று அவனே சொன்னான். ஆகவே வெட்டுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய கை அபாரமான கை.

ஆனால் மூன்றாம் வாரத்துக்கு வந்த நகல்களை முந்தின இரவு அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 14 கவிதைகளில் 9 கவிதைகள் ஒற்றைச் சொல் வரியில் முடிந்திருந்தன. வீடு. மழை. காலம். அம்மா. முதல் வாரம் அப்படி முடிந்தது ஒன்றே ஒன்றுதான். 71 வயதுக்காரரும் 24 வயதுக்காரரும் ஒரே மாதிரி மூச்சு விட ஆரம்பித்திருந்தார்கள், அந்த மூச்சு கவிஞருடையது. மற்ற இருவரிடமும் சொன்னேன். கற்றுக்கொள்கிறார்கள், நல்லதுதானே என்றார் ஒருவர். நானும் விட்டுவிட்டேன். இந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு

அக்காவின் கவிதை 38 வரி. நீலப் பேனாவில் எழுதிய கையெழுத்தை அப்படியே நகல் எடுத்திருந்தோம். கணவர் தறியில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தது, ஆட்டோ வந்தது, திரும்பி வந்து பார்த்தபோது பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலில், பாதிச் சேலை நின்றது. இதெல்லாம் 21 வரி வரைக்கும். மீதி 17 வரியில் நெசவு விவரங்கள். குழித்தறியில் கால் வைக்கிற இடம், ஊடை என்கிற குறுக்கு நூல், ஜரிகை, எத்தனை முழம் மீதி, எத்தனை நாள் ஆனது, நெசவாளர் சங்கத்துக்குக் கொண்டு போனது. அவர் வாசித்த விதம் பட்டியல் வாசிக்கிற மாதிரி ஒரே சீராக இருந்தது. கடைசிப் பக்கத்தை அவர் திருப்பும்போது காகிதம் லேசாக ஆடியது.

மற்றவர்கள் பேசியதில் பெரும்பகுதி ஆறுதல். ஒருவர், பின்பாதியில் நெசவு விவரம் அதிகமாக இருக்கிறது, முன்பாதிதான் மனசைத் தொடுகிறது என்றார். மூன்று நான்கு தலைகள் ஆமோதித்தன. எனக்கும் அப்படித்தான் பட்டது, மறைக்க விரும்பவில்லை.

கவிஞர் பேனாவை எடுத்தார். முதல் பக்கத்தில் நெஞ்சு வலி, ஆட்டோ எல்லாவற்றையும் அடித்தார். கடைசி 17 வரிகளின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரே கோடு போட்டு, ஓரத்தில் "விளக்கம்" என்று எழுதினார். பிறகு எழுந்து பலகையில் எழுதினார் (நாடா என்பது தறியில் ஊடையைக் கொண்டு ஓடுகிற கட்டை):

தறியில்
பாதிச் சேலை.
நாடா நின்ற இடத்தில்
நிற்கிறது
வீடு.

அறை அமைதியாகிவிட்டது. பிறகு கைதட்டினார்கள், அந்தப் பட்டறையில் முதல் முறையாக. இரண்டு மூன்று பேர் செல்போனில் பலகையைப் படம் எடுத்தார்கள். அக்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் குழுவைச் சேர்ந்தவர் புன்னகையோடு, எழுதியவர் பேசக் கூடாதில்லையா என்று நினைவுபடுத்தினார். அக்கா தலையை ஆட்டிவிட்டு நகல்களை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். இடைவேளையில் காபி குடித்தார், தம்ளரைக் கழுவி வைத்தார், பேருந்துக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். அன்று இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகியிருந்தார்.

அடுத்த மூன்று நாட்கள்

விலகியதைப் பார்த்ததும் எங்கள் மூவருக்குள் பேச்சு. ஒருவர் உடனே கூப்பிட வேண்டும் என்றார். இன்னொருவர், துக்கம் கிளறப்பட்டிருக்கும், நேரம் கொடுப்போம் என்றார். நான் இரண்டாவது பக்கம் சாய்ந்தேன். சங்கடமான ஒரு பேச்சைத் தள்ளிப்போட எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மாலைதான் கூப்பிட்டோம்.

முதல் மணியிலேயே எடுத்தார். கோபம் எதுவும் இல்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டார். பட்டறை பற்றி நான் எடுத்ததும் கொஞ்சம் நேரம் பேசவில்லை, அப்புறம் சொன்னார்: "அந்தச் சேலை பாதில நிக்கலைங்க. நான்தான் நெய்து முடிச்சேன். ரெண்டு முழம் மீதி இருந்துச்சு, பதினோரு நாள் ஆச்சு. ஐயா எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது என் வீடு இல்ல. என் வீடு நிக்கல."

நான் நகலை எடுத்து வைத்துக்கொண்டு அந்த 17 வரிகளை அப்போதுதான் சரியாகப் படித்தேன். எல்லாம் அதிலேயே இருந்தது. இருபது வருஷம் கணவருக்குத் தார், அதாவது நாடாவில் வைக்கிற நூல், சுற்றிக் கொடுத்தவர், அவ்வப்போது மட்டும் தறியில் உட்கார்ந்தவர், கணவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து நெய்திருக்கிறார். ஊடையைத் தட்டி இறுக்குவதில் அவருடைய அடியும் இவருடைய அடியும் ஒன்றல்ல, இவர் கை தளர்வு. இரண்டும் சேருகிற இடத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரலை வைத்துத் தடவினால் தெரியும் என்று 29-வது வரியில் எழுதியிருக்கிறார். சங்கம் பட்டு நூலை எடை பார்த்துக் கொடுப்பது, ஆகவே முடிந்த சேலையையும் எடை பார்ப்பார்கள். சங்கத்தில் எடை சரியாக இருந்தது. தறி கணவர் பெயரில் இருந்ததால் கூலிச் சீட்டும் அவர் பெயரிலேயே போடப்பட்டது. இவ்வளவையும் அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் கவிஞரும் நெசவு விவரம் என்று தாண்டிப் போயிருக்கிறோம்.

கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "திங்கக்கிழமை பூரா போனைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தராவது கூப்பிடுவீங்கன்னு."

புதன்கிழமை கவிஞரிடம் பேசினோம். முதலில் அவர், கவிதையைத்தானே வெட்டினேன், அவரையா வெட்டினேன் என்றார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் செய்து வருகிறவர், அதனால் பலர் நல்ல கவிஞர்களாகியிருக்கிறார்கள். நாங்கள் வாதாடவில்லை. 29-வது வரியை மட்டும் ஒரு முறை வாசிக்கச் சொன்னோம். அவரிடம் அந்த நகல் இருந்தது. தேடி எடுக்கிற சத்தம் கேட்டது, பிறகு ரொம்ப நேரம் எதுவும் கேட்கவில்லை. "இது எப்படி என் கண்ணுல படல?" என்றார். அது கேள்வியாகத்தான் இருந்தது. நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி மன்னிப்பு. கவிஞர் உடனே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். வேண்டாம் என்றோம். ஒரு பெரிய கவிஞர் போன் செய்து வருத்தப்பட்டால் அக்கா என்ன செய்வார்? அவரைத் தேற்றுவார். பரவாயில்லை ஐயா, நீங்க எழுதினதுதான் நல்லாருக்கு என்பார். அந்தச் சுமையையும் அவர் தலையில் வைக்க வேண்டாம் என்று பட்டது. அதற்குப் பதிலாக, அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் தவறாகப் படித்தேன் என்று அவர் சொல்லட்டும், அக்காவை வற்புறுத்திக் கூப்பிட வேண்டாம், வர விரும்பினால் இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்வோம் என்று முடிவு செய்தோம். இது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது, பேசக் கூடாது என்கிற விதியை எடுத்தோம். அந்த விதி தன் கவிதைக்கு வக்காலத்து வாங்குவதைத் தடுக்க வந்தது, ஆனால் அன்று ஒரு உண்மையைச் சொல்வதைத் தடுத்தது. நெய்து முடித்தேன் என்பது வாதம் இல்லை, தகவல். அது பலகையின் முன் சொல்லப்பட்டிருந்தால் கவிஞரே அழித்துவிட்டு மறுபடி எழுதியிருப்பார்.

மூன்றாவது, கவிஞரின் பேனா அடுத்தவர் காகிதத்தில் படக் கூடாது, பலகையில் திருத்திய வடிவம் ஏறக் கூடாது. அவர் எங்கே தடுமாறினார், எங்கே நின்றார், எந்த வரியை இரண்டு முறை படித்தார் என்று வாயால் சொல்லலாம். வெட்டுவது எழுதியவர் வேலை, வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. இதற்குக் கவிஞர் சம்மதிக்க ஒரு நாள் எடுத்துக்கொண்டார். காட்டாமல் எப்படிச் சொல்லித் தருவது என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தச்சுவேலையானாலும் சமையலானாலும் கையால் செய்து காட்டித்தான் கற்றுத் தருகிறோம். ஆனால் காட்டியவுடன் எல்லாக் கவிதையும் அவருடைய கவிதையாகிவிடுகிறது என்பதற்கு அந்த ஒன்பது ஒற்றைச் சொல் முடிவுகள் சான்றாக இருந்தன, அவற்றை வரிசையாக வைத்துக் காட்டியபோதுதான் ஒத்துக்கொண்டார்.

நான்காவதாக, கருத்துச் சொல்வதற்கு முன் ஒரு சுற்று. ஒவ்வொருவரும் கவிதையில் என்ன நடக்கிறது, யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். நல்லாருக்கு, அதிகம், குறைவு என்பதெல்லாம் அப்புறம். அன்று இந்தச் சுற்று இருந்திருந்தால் பதினேழு வரிக்குள் ஒரு பெண் தறியில் உட்கார்ந்து நெய்கிறார் என்று யாராவது ஒருவர் சொல்லியே ஆக வேண்டியிருந்திருக்கும்.

நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை

நான்காம் வாரம் அக்கா வரவில்லை. கவிஞர் தொடக்கத்திலேயே எழுந்து, போன வாரம் ஒரு கவிதையைத் தவறாகப் படித்தேன், அதில் எனக்குத் தெரிந்த மாதிரி இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாததை எல்லாம் அடித்துவிட்டேன் என்றார். விவரத்துக்குள் போகவில்லை. அறையில் ஒரு சங்கடம் பரவியது. அப்போது தபால்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, மொத நாள் ஒரு குருகுப் பாட்டு சொன்னீங்கள்ல. அவங்க ரெண்டு பேரு கதையில அந்தக் குருகுக்கு என்ன வேலை? அது பாட்டுக்கு மீனைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதோட காலு தினைத்தாள் மாதிரி இருந்துச்சுன்னு வேற ஒரு அடி. இன்னிக்கு நான் அதை எழுதிட்டு வந்தா, விளக்கம்னு அடிச்சிருக்க மாட்டீங்களா?"

கவிஞர் அடித்திருப்பேன் என்றார். பிறகு அரை மணி நேரம் அந்தப் பாட்டு மட்டுமே. முதல் வாரம் சுருக்கத்துக்கு எடுத்துக்காட்டாக இருந்த அதே ஐந்தடி, இப்போது வேறு ஒன்றுக்கு எடுத்துக்காட்டானது. சாட்சி இல்லை என்று சொல்கிற பாட்டில் இரண்டடிக்கு மேல் ஒரு பறவைக்குப் போகிறது. அந்தக் கால்களைப் பார்த்தவள் அங்கே இருந்திருக்கிறாள் என்பதற்கு அந்தக் கால்களே அத்தாட்சி. எனக்குத் தெரிந்து பட்டறையின் மிகச் சிறந்த அரை மணி நேரம் அது. அதைத் திட்டமிட்டு யாரும் கொண்டுவரவில்லை.

புதிய முறைக்கு விலையும் இருந்தது. மெதுவாகப் போனது. முன்பு ஒரு வகுப்பில் எட்டு ஒன்பது கவிதைகளைப் பார்த்தோம், இப்போது நான்கைத் தாண்டவில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். "நான் திருத்தம் வாங்கத்தான் பணம் கட்டி வந்தேன். சக மாணவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது எனக்கு எதற்கு?" அவர் சொன்னதும் ஞாயம்தான், அறிவித்தபடி நாங்கள் நடத்தவில்லை. கடைசி இரண்டு வாரமும் வகுப்பு முடிந்ததும் விரும்புகிறவர்கள் கவிஞரோடு தனியாக உட்காரலாம், அங்கே பேனா போட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தோம். ஆறு பேர் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆசிரியருக்கு முழுத் திருப்தி இல்லை.

ஐந்தாம் வாரம் அக்கா வந்தார். வரச் சொல்லி யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. தபால்காரர் மட்டும் ஒரு நாள் அவர் ஊர்ப் பக்கம் போனபோது பார்த்துவிட்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது. பழைய நகலையே கொண்டுவந்திருந்தார், அந்த நாலு மடிப்போடு. அவர் வாசிக்கவில்லை, செவிலியர் வாசித்தார். தன் கவிதையை வேறு ஒரு குரலில் அவர் கேட்டது அதுதான் முதல் முறை. பிறகு தாங்கள் பார்த்ததைச் சொல்கிற சுற்று. பாத்திரக்கடைக்காரர் 29-வது வரிக்கு வந்தபோது மேஜை விரிப்பின் மேல் தன்னை அறியாமல் விரலை ஓட்டிக்கொண்டே பேசினார். கவிஞர் தன் முறையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கூலிச் சீட்டில் யார் பெயர் என்பது கவிதையில் எங்கே வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அக்கா, தெரியலையே ஐயா, யோசிச்சுச் சொல்றேன் என்றார்.

என்ன ஆனது

ஆறாம் வாரம் 19 வரியோடு வந்தார். பாதிக்குப் பாதி வெட்டியிருந்தார், அவரே. நெஞ்சு வலியும் ஆட்டோவும் போய்விட்டன, கவிஞர் முதலில் அடித்த அதே வரிகள்தான். அந்தப் பகுதியில் கவிஞரின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் 29-வது வரி இப்போது நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. முழுக் கவிதையையும் இங்கே தர அவருக்கு விருப்பமில்லை, முடிவை மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார்:

எடை போட்டார்கள்.
சரியாக இருந்தது.
கூலிச் சீட்டில்
அவர் பேர்.

யாரும் கைதட்டவில்லை. அந்த அங்கன்வாடி ஊழியர்களில் ஒருவர், "அக்கா, திருப்பி ஒருவாட்டி வாசிங்க" என்றார். வாசித்தார்.

18 பேரில் 13 பேர் கடைசி வரை வந்தார்கள். விலகிய ஐந்து பேரில் மூவர் காரணம் சொன்னார்கள், தேர்வு, தூரம், வீட்டில் உடல்நலக் குறைவு. மீதி இருவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை. அவர்களும் ஒரு திங்கட்கிழமை போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். கடைசி வாரம் வந்த கவிதைகளில் ஒற்றைச் சொல் முடிவு இரண்டுதான். நீளமானவையும் இருந்தன, சில தளர்வாகவும் இருந்தன. ஆனால் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எது யாருடையது என்று என்னால் சொல்ல முடிந்தது.

எல்லோர் கவிதையையும் தொகுத்து ஒரு சிறு நூல் போடுவதாக முதலில் சொல்லியிருந்தோம், கைவிட்டோம். தொகுப்பு என்று வந்துவிட்டால் முடித்தே ஆக வேண்டும் என்கிற அவசரம் வந்துவிடுகிறது, அந்த அவசரமும் மூன்றாம் வாரத்து வேகத்துக்கு ஒரு காரணம் என்று பட்டது. சிலருக்கு இதில் வருத்தம் உண்டு.

அடுத்த முறை மாற்றப்போவது

கவிதைகளை மூன்று நாள் முன்பே கவிஞருக்கு அனுப்பிவிடுவோம். 38 வரியை அங்கேயே முதல் முறை படித்து அங்கேயே தீர்ப்புச் சொல்லும்படி அவரை வைத்தது எங்கள் அமைப்பின் கோளாறு, அவருடைய கோளாறு மட்டும் இல்லை. ஒருவர் சொந்த இழப்பை எழுதியிருந்தால் அதை முன்கூட்டியே கவிஞருக்குச் சொல்லலாமா என்று எழுதியவரிடமே கேட்போம். 18 பேர் அதிகம், 10 பேர் போதும். திருத்தம் வேண்டும் என்பவருக்குத் தனி நேரம் உண்டு என்பதை அறிவிப்பிலேயே போடுவோம். யாராவது பாதியில் எழுந்து போனாலோ குழுவிலிருந்து விலகினாலோ அன்று இரவே கூப்பிடுவோம், யார் கூப்பிடுவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுவோம்.

பலகையைப் படம் எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறோம். அன்று எடுத்த படம் இரண்டு மூன்று குழுக்களுக்குப் போய்விட்டது. யாரோ அந்த ஐந்து வரியைத் தட்டச்சு செய்து, பின்னால் ஒரு தறிப் படத்தை வைத்து, கீழே அக்காவின் பெயரையும் போட்டுவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி அழிக்க வைத்தோம், ஆனால் போனது போனதுதான், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் தெரியாத ஒருவர் வந்து, உங்கள் தறிக் கவிதை படித்தேன், கண் கலங்கிவிட்டது என்றாராம். அது ஐயா எழுதினது, என்னோடது வேற ஒண்ணு இருக்கு என்று சொல்லி, பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார் அக்கா.